பழைய வெள்ளி ரூபாய்: ஏலம் கேட்குமுன் எடை பாருங்கள்!

மும்பை முலுண்டில் வசிக்கும் அந்தப் பெரியவருக்கு வயது 67. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். தகப்பனார் லோயர் பரேலில் ஒரு பஞ்சாலைத் தொழிலாளி. குடியிருப்பு தாராவியில். தாயார் கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டில் சீர்த்தட்டில் வைத்துக் கொடுத்த வெள்ளி ரூபாய் இருபத்தொன்று, மஞ்சள் துணியில் முடிந்தபடி டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும். எல்லாம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்டவை. பொங்கலன்றும் ஆடிப்பெருக்கன்றும் மட்டும் அவற்றை வெளியே எடுத்து, கழுவிக் குங்குமம் வைத்து, மறுபடி முடிந்து வைப்பார் தாயார்.

1982-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி மும்பைப் பஞ்சாலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. முதலில் தோடு போயிற்று. பிறகு பித்தளைப் பாத்திரங்கள் போயின. கடைசியில் மஞ்சள் துணி முடிச்சும் அவிழ்ந்தது. அதை எடுத்துப்போய்ச் சேட்டுக் கடையில் வைத்து நானூறு ரூபாய் வாங்கி வந்தவர், மூத்த மகனான இந்தப் பெரியவர்தான். வேலைநிறுத்தம் முடிவில்லாமல் இழுத்துக்கொண்டே போனது. வட்டி கட்ட வழியில்லை. முடிச்சு முழுகிப் போனது.

தாயார் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் தன்னை அதிகமாக வருத்தியது என்கிறார் பெரியவர். அந்த அடகுச் சீட்டை இன்றும் வைத்திருக்கிறார். "வெள்ளி ரூபாய் 21, எடை 243 கிராம்" என்று அதில் எழுதியிருக்கிறது.

கடைக்குட்டி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, சீர்த்தட்டில் இருபத்தொரு வெள்ளி ரூபாய் வைத்துவிட வேண்டும் என்ற ஆசை பெரியவருக்கு எழுந்தது. மகன் செல்போனில் இணையதள ஏலங்களைக் காட்டிக் கொடுத்தான். அங்கிருந்துதான் தொல்லையும் தொடங்கியது.

நள்ளிரவு ஏலம்

தேடிப் போனது சாதாரண ஜார்ஜ் மன்னர் ரூபாய்தான். கண்ணில் பட்டதோ 1939-ம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் ரூபாய். "மிக மிக அரிது" என்று போட்டிருந்தது. அதை வாங்கிக் கூடுதல் விலைக்கு விற்றால் இருபத்தொரு ரூபாய்க்கும் பணம் தேறிவிடும் என்று மனம் கணக்குப் போட்டது.

நாலாயிரத்தில் தொடங்கிய ஏலம், இரவு பத்தரை மணிக்கு ஒன்பதாயிரத்தில் நின்றது. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது யாரோ ஒருவர் ஐந்நூறு ஏற்றினார். பெரியவரும் ஏற்றினார். அவர் மறுபடி ஏற்றினார். முகம் தெரியாத அந்த ஆளிடம் தோற்கக்கூடாது என்ற எண்ணம் ஒன்றுதான் அப்போது இருந்தது. 14,500 ரூபாயில் ஏலம் முடிந்தது. கமிஷன், வரி, கூரியர் எல்லாம் சேர்ந்து பதினேழாயிரத்தைத் தாண்டியது.

காசு வந்து சேர்ந்தது. தராசில் வைத்தால் எடை சரி. தட்டினால் ஓசையும் சரி. கோட்டைப் பகுதியில் பல காலமாக நாணய வியாபாரம் செய்யும் ஒருவரிடம் காட்டினார். அவர் பூக்கண்ணாடியை வைத்து ஆண்டைப் பார்த்தார். அரை நிமிடத்தில் கண்ணாடியைப் பெரியவரிடமே கொடுத்து, "கடைசி எண்ணைப் பாருங்கள்" என்றார். 1938 என்று அச்சான காசில், 8-ன் கீழ் வளையத்தில் இடதுபக்கத்தை நுணுக்கமாகச் சுரண்டி 9 ஆக்கியிருந்தார்கள். சுரண்டிய இடத்தில் மட்டும் உலோகத்தின் நிறம் மாறியிருந்தது.

வெள்ளி உண்மை. காசும் உண்மை. ஓர் எண் மட்டும் பொய். அந்த ஓர் எண்ணுக்குத்தான் பெரியவர் பதினான்காயிரத்துக்கு மேல் கொடுத்திருந்தார். விற்றவருக்குப் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் அதுவும் அடிக்கவில்லை.

பெரியவரின் அனுபவம் அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பழைய காசு வாங்க வீதி வீதியாக அலைந்த காலம் போய், இன்று வீட்டில் உட்கார்ந்தபடியே நாட்டின் எந்த மூலையில் உள்ள காசையும் ஏலம் கேட்க முடிகிறது. வசதிதான். ஆனால் காசைக் கையில் எடுத்துப் பார்க்காமலே பணம் கொடுக்கிறோம் என்பதை மறந்துவிடக்கூடாது. கைக்கு எட்டாத குறையை அறிவால்தான் ஈடுகட்ட வேண்டும்.

ஒரு ரூபாய் எடை

கிழக்கிந்தியக் கம்பெனி 1835-ம் ஆண்டில் தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே மாதிரியான வெள்ளி ரூபாயைக் கொண்டு வந்தது. எடை 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம். பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி, மீதி செம்பு. கணக்குப் பார்த்தால் ஒரு ரூபாயில் 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கும்.

நான்காம் வில்லியம் மன்னரோடு தொடங்கி, விக்டோரியா மகாராணி, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் என்று தலைகள் மாறின. 1939 வரை எடையும் மாறவில்லை, தரமும் மாறவில்லை. அரை ரூபாய் என்றால் 5.83 கிராம். கால் ரூபாய் 2.92 கிராம்.

நம் பாட்டிமார் "ஒரு ரூபாய் எடை" என்று மருந்துச் சரக்கு நிறுத்ததும், மூன்று ரூபாய் எடை ஒரு பலம் என்று கணக்கு வைத்ததும் இந்தக் காசை வைத்துத்தான். காசே படிக்கல்லாக இருந்த காலம் அது. எடையில் நம்பிக்கை இல்லாவிட்டால் அப்படி நடந்திருக்குமா?

அந்த எடையே இன்று வாங்குபவருக்கு முதல் காவல். 11.66 கிராம் இருக்க வேண்டிய காசு, பல கை மாறித் தேய்ந்து பதினொன்றரை கிராம் அளவுக்கு வரலாம். பதினொன்றுக்கும் கீழே போனாலோ, பன்னிரண்டைத் தொட்டாலோ கை வைக்கக்கூடாது. ஏலத்தில் எடையைக் குறிப்பிடாமல் படம் மட்டும் போட்டிருந்தால், எடையைக் கேட்டு எழுத வேண்டும். பதில் வராவிட்டால் அதுவே பதில்.

பாதி வெள்ளி, வெள்ளியே இல்லை

இரண்டாம் உலகப் போர் வந்தது. வெள்ளிக்குத் தட்டுப்பாடு. 1940 முதல் 1945 வரை தேதியிட்ட ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களில் வெள்ளி பாதிதான். மீதியில் செம்பு 40 சதவீதம், நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து சதவீதம். எடை அதே 11.66 கிராம். மன்னரும் அதே மன்னர். படத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. விளிம்பைப் பார்த்தால் தெரியும். கள்ள நாணயத்தைத் தடுப்பதற்காக இந்தப் போர்க்கால ரூபாய்களின் விளிம்பில் நடுவே ஒரு பள்ளம் ஓடவிட்டு வேலைப்பாடு செய்திருந்தார்கள்.

இந்தப் பாதி வெள்ளிக் காசுகளைத்தான் பலர் "சுத்த வெள்ளி" என்று ஏலத்தில் விடுகிறார்கள். வெள்ளி கிராம் 200 ரூபாய் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பழைய தரமுள்ள ரூபாயில் 2,138 ரூபாய்க்கு வெள்ளி இருக்கும். 1944-ம் ஆண்டு ரூபாயிலோ 1,166 ரூபாய்க்குத்தான் இருக்கும். ஆண்டைக் கவனிக்காமல் ஏலம் கேட்டால் நஷ்டம் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி.

அடுத்தது 1947. ஒரு பக்கம் மன்னர், மறுபக்கம் நடந்து செல்லும் புலி. சுதந்திரம் கிடைத்த ஆண்டு என்பதால் எல்லோருக்கும் அதன்மேல் ஆசை. "1947 வெள்ளி ரூபாய்" என்று விளம்பரம் செய்கிறார்கள். அதில் வெள்ளி துளிகூடக் கிடையாது. அது முழுக்க நிக்கல். காந்தத்தில் பட்டென்று ஒட்டிக்கொள்ளும். வெள்ளி ஒருநாளும் காந்தத்தில் ஒட்டாது.

ஆனால் காந்தத்தில் ஒட்டவில்லை என்பதற்காகவே அது வெள்ளி என்று முடிவு கட்டிவிடக்கூடாது. பித்தளையும் செம்பும் ஈயமும் கூட ஒட்டாது. பொய்யைப் பிடிக்கக் காந்தம் உதவும். மெய்யை நிரூபிக்க உதவாது.

பழசெல்லாம் அரிது அல்ல

ஏலக் குறிப்புகளில் "நூறாண்டுப் பழமை" என்ற சொல்லுக்கு மயங்காதவர்கள் குறைவு. பழமைக்கும் அருமைக்கும் சம்பந்தமில்லை. 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாய் அந்த ஓர் ஆண்டில் மட்டும் அடித்தது அல்ல. அதே ஆண்டை மாற்றாமல் பின்னும் பல ஆண்டுகள் அடித்தார்கள். ஆகவே 1862 ரூபாய் ஏராளமாகக் கிடைக்கிறது.

ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயும் அப்படியே. முதல் உலகப் போரின்போது வெள்ளி ரூபாய்க்கு அப்படி ஒரு தேவை ஏற்பட்டது. 1918-ம் ஆண்டில் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒரு தனிச் சட்டமே இயற்றித் தன் கஜானாவிலிருந்த வெள்ளியை இந்தியாவுக்கு விற்றது. அந்த ஆண்டுகளில் கல்கத்தாவிலும் மும்பையிலும் கோடிக்கணக்கில் ரூபாய் அடித்தார்கள். தாமரைப் பூவுக்குக் கீழே ஒரு சிறு புள்ளி இருந்தால் அது நம் மும்பை நாணயச்சாலையில் அடித்தது. கல்கத்தா ரூபாயில் அந்தப் புள்ளி இராது.

இப்படிக் கோடிக்கணக்கில் அடித்த காசு வெள்ளி விலைக்குச் சற்று மேலே கிடைத்தால் நியாயம். பத்து மடங்கு கேட்டால் அநியாயம்.

அதே ஐந்தாம் ஜார்ஜ் காசில் 1911-ம் ஆண்டு மட்டும் தனிக் கதை. மன்னரின் அங்கியில் பொறித்த யானை, பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருக்கிறது என்று முஸ்லிம் மக்களிடையே மனவருத்தம் ஏற்பட்டது. வெளியிட்டதுபோக மீதியை அரசு நிறுத்தி உருக்கியது. 1912 முதல் யானையின் துதிக்கையும் காலும் தெளிவாகத் தெரியும்படி அச்சைத் திருத்தினார்கள். அதனால் 1911 ரூபாய்க்கு விலை அதிகம். விலை அதிகம் என்பதால் போலியும் உண்டு. 1939 கதையும் அதேதான். எந்தக் காசுக்கு விலை ஏறுகிறதோ, அந்தக் காசைத்தான் திருடன் செய்வான். சாதாரணக் காசைப் போலியாகச் செய்து அவனுக்கு என்ன லாபம்?

தமிழர்கள் ஆசைப்படும் இன்னொரு காசு, சென்னை மாகாணத்துக்காக 1808-ம் ஆண்டு வாக்கில் கம்பெனி அடித்த வெள்ளி அரை வராகன். ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் பெருமாள். தமிழிலும் தெலுங்கிலும் மதிப்பு எழுதியிருக்கும். நம் எழுத்து இருக்கிறதே என்ற பாசம் கண்ணை மறைத்துவிடும். இத்தகைய காசைத் தெரிந்தவர் துணையின்றி, படத்தை மட்டும் நம்பி வாங்குவது விவேகமல்ல.

சாமி படம் போட்ட கம்பெனிக் காசு

ராமர் பட்டாபிஷேகம், அனுமார் படங்களோடு "கிழக்கிந்தியக் கம்பெனி 1818" என்று பொறித்த காசுகள் ஏலங்களில் அடிக்கடி வருகின்றன. இவை அரிசியை இழுக்கும், வீட்டில் வைத்தால் செல்வம் கொழிக்கும் என்றெல்லாம் கதை கட்டி லட்சக்கணக்கில் விலை பேசுகிறார்கள். கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை. கோவில் வாசலில் விற்ற வில்லைகள் அவை. பக்தியோடு பூஜையில் வைத்துக்கொள்ளலாம். பணம் கொடுத்து ஏமாறக்கூடாது.

ஒரு குவளைத் தண்ணீரில் சோதனை

காசு கைக்கு வந்ததும் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. காசுக்கு ஒரு சேதமும் வராது. கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு போதும்.

முதலில் காசை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு தராசின்மேல் ஒரு சிறு குவளைத் தண்ணீரை வைத்துத் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். காசை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீரில் முழுவதும் மூழ்கும்படியும், அடியிலோ பக்கத்திலோ தொடாதபடியும் பிடிக்க வேண்டும். தராசு இப்போது காட்டும் எண், காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

பதினொரு பங்கு வெள்ளியுள்ள பழைய ரூபாய், தண்ணீரில் 1.13 கிராம் அளவு காட்டும். வகுத்தால் 10.3 வரும். பாதி வெள்ளி ரூபாய் 1.22 காட்டும். வகுத்தால் 9.5 வரும். செம்பும் நிக்கலும் கலந்த போலி 1.31 காட்டும். வகுத்தால் 8.9 வரும். நூல் முடிச்சில் காற்றுக் குமிழி நின்றால் கணக்குப் பிசகும். இரண்டு மூன்று தடவை செய்து பார்ப்பது நல்லது.

தண்ணீர் உலோகத்தைச் சொல்லும். எண்ணைச் சொல்லாது. முலுண்டுப் பெரியவரின் காசு இந்தச் சோதனையில் தாராளமாகத் தேறியிருக்கும். ஆகவே பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் பூக்கண்ணாடி ஒன்றும் வேண்டும். ஆண்டின் எண்களைச் சுற்றிச் சுரண்டல் இருக்கிறதா, விளிம்பில் வார்ப்பு ஒட்டிய கோடு இருக்கிறதா, எழுத்தின் ஓரங்கள் கூர்மையாக இல்லாமல் மெழுகு மாதிரி மழுங்கியிருக்கின்றனவா, தளத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். சங்கிலியில் கோக்கப் பற்றவைத்த வளையத்தை எடுத்த தழும்பு மேல் விளிம்பில் இருந்தால், சேகரிப்பாளர்களிடம் அந்தக் காசுக்கு மதிப்புக் குறைவு.

முக்கியமாக ஒன்று. கறுத்த காசைக் கண்டதும் புளி போட்டோ விபூதி போட்டோ தேய்க்கக்கூடாது. குத்துவிளக்கைத் துலக்குவது வேறு, காசைத் துலக்குவது வேறு. காலத்தால் படிந்த அந்தக் கருமையை நாணயச் சேகரிப்பாளர்கள் விரும்புகிறார்கள். ஒரு தேய்ப்பில் பாதி விலை போய்விடும். "பளபளக்கும் நூறாண்டுக் காசு" என்று ஏலத்தில் போட்டிருந்தால், யாரோ ஏற்கெனவே தேய்த்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஏலத்தில் நிற்கும் முறை

சந்தையில் மாடு பிடிப்பவர், துண்டுக்குள் கை விடுமுன்பே மனதில் ஒரு விலை வைத்திருப்பார். இணையதள ஏலத்துக்கும் அதுவே விதி. அன்றைய வெள்ளி விலையைப் பார்த்து, காசில் உள்ள வெள்ளியின் மதிப்பைக் கணக்கிட்டு, அதற்குமேல் எவ்வளவு கொடுக்கலாம் என்பதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துவிட வேண்டும். பெரும்பாலான ஏலங்களில் உச்ச விலையை முன்கூட்டியே பதிந்து வைக்க வசதி இருக்கிறது. பதிந்துவிட்டுத் தூங்கப் போய்விடலாம். கடைசி ஐந்து நிமிடத்தில்தான் புத்தி தடுமாறும். விற்பவரே வேறு பெயரில் புகுந்து விலையை ஏற்றிவிடும் தந்திரமும் அந்த நேரத்தில்தான் நடக்கும்.

ஏலத் தொகை மட்டுமே விலை அல்ல. 2,000 ரூபாய்க்குக் காசு கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 15 சதவீதம் என்றால் 300 ரூபாய். அதற்குமேல் வரி, கூரியர், இன்சூரன்ஸ். கைக்கு வரும்போது இரண்டாயிரத்து ஐந்நூறுக்குக் குறையாது. ஏலம் கேட்குமுன்பே ஒவ்வோர் ஏலத்தின் விதிகளையும் படித்து இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். போலி என்று தெரிந்தால் திருப்பி எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள் என்பதும் அந்த விதிகளில்தான் இருக்கும்.

மும்பை, பெங்களூரு, அகமதாபாத் போன்ற நகரங்களில் பல ஆண்டுகளாக நாணய ஏலம் நடத்தும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவை அச்சிட்ட பட்டியலும், முகவரியும், ரசீதும் உள்ளவை. பழைய ஏலங்களில் எந்தக் காசு என்ன விலைக்குப் போயிற்று என்பதையும் பார்க்கலாம். புதிதாக வருகிறவர்கள் இரண்டு மூன்று ஏலங்களை ஏலம் கேட்காமலே கவனித்துப் பார்ப்பது நல்ல பாடம்.

முகம் தெரியாத தனி நபரிடம் வாங்குவதானால், அன்றைய செய்தித்தாளின்மேல் காசை வைத்து இரு பக்கமும் விளிம்பும் படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். யாருடைய காசையோ படம் எடுத்துப் போட்டு விற்கிறவரால் இதைச் செய்ய முடியாது. பார்சல் வந்தால், முத்திரையை உடைப்பதிலிருந்து எடை பார்ப்பது வரை செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டால், பின்னால் வழக்குக்கு உதவும். 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இணையதள விற்பனை நிறுவனம் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

சட்டம் சொல்வது

நூறாண்டு நிறைந்த காசு, 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள் ஆகும். நாட்டுக்குள் வாங்கி வைத்துக்கொள்ளலாம். தொழிலாக விற்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். தனி நபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவோ எடுத்துச் செல்லவோ கூடாது. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் மகனுக்கு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயைப் பெட்டியில் வைத்து அனுப்பும் தாய்மார்கள் இதை அறிய வேண்டும். பாசம்தான் என்றாலும் சுங்க அதிகாரிக்கு அது கடத்தல்.

"வீட்டுக்கு வானம் தோண்டியபோது கிடைத்தது, சத்தமில்லாமல் கொடுத்துவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகக்கூடாது. பூமியில் புதைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம். காசு உண்மையானால் குற்றம். பொய்யானால் நஷ்டம்.

விற்கப் போனவருக்கும் வலை

செம்பூரில் ஒரு குடும்பத் தலைவி. தன்னிடமிருந்த பழைய காசைப் படம் எடுத்து இணையதளத்தில் போட்டார். ஐந்து லட்சம் தருவதாக உடனே ஒருவர் பேசினார். ரிசர்வ் வங்கியின் முத்திரை போட்ட கடிதம் செல்போனுக்கு வந்தது. பதிவுக் கட்டணம், பிறகு வரி, பிறகு கூரியர் என்று மூன்று தவணையாக 22 ஆயிரம் ரூபாய் கட்டினார். ஐந்து லட்சமும் வரவில்லை, 22 ஆயிரமும் திரும்பவில்லை.

பழைய நோட்டு, நாணயங்களை வாங்குவதோ விற்பதோ தன் வேலையல்ல என்றும், அதற்காக எந்தக் கட்டணமும் கமிஷனும் கேட்பதில்லை என்றும், தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் அளிக்கவில்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி எச்சரிக்கை விடுத்தது. வாங்குகிறவன்தான் பணம் தர வேண்டும். விற்கிறவரிடமே பணம் கேட்டால் அது வியாபாரமல்ல, மோசடி. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக் காலம் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். விரைந்து சொன்னால் பணம் கைமாறுமுன் முடக்க வாய்ப்பு உண்டு.

243 கிராம்

முலுண்டுப் பெரியவர் பிறகு என்ன செய்தார்? ஆறு மாதம் எந்த ஏலத்திலும் கை வைக்கவில்லை. கோட்டைப் பகுதியில் உள்ள ரிசர்வ் வங்கி நாணயக் காட்சிச்சாலைக்கு நாலைந்து தடவை போய், உண்மையான காசுகளைக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். தராசும் பூக்கண்ணாடியும் வாங்கினார். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். ஒவ்வோர் ஏலத்துக்கும் முன்பு, தான் கொடுக்கக்கூடிய விலையைத் தேதியுடன் எழுதினார். அதற்குமேல் ஒரு ரூபாய் போனாலும் விட்டுவிட்டார். விட்டவை முப்பதுக்கு மேல். பிடித்தவை இருபத்தொன்று.

எல்லாம் 1912-க்கும் 1920-க்கும் இடைப்பட்ட சாதாரண ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள். சேகரிப்பாளர் எவரும் திரும்பிப் பார்க்காதவை. கோடிக்கணக்கில் அடித்ததால் வெள்ளி விலைக்குச் சற்று மேலே கிடைத்தவை. அவற்றில் பதின்மூன்றில் மும்பைப் புள்ளி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ரசீது இருக்கிறது. சுரண்டிய 1939 ரூபாயும் தனியாக ஒரு காகிதத்தில் பொதிந்து நோட்டுப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அதை விற்க அவர் சம்மதிக்கவில்லை. விற்றால் இன்னொருவர் ஏமாறுவார் என்கிறார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு, இருபத்தொரு காசையும் ஜவேரி பஜாரில் தெரிந்த வெள்ளிக்கடைக்கு எடுத்துப்போய் ஒன்றாகத் தராசில் வைக்கச் சொன்னார். பழைய அடகுச் சீட்டையும் பக்கத்தில் விரித்து வைத்தார். தராசு 242 கிராம் காட்டியது. ஒரு கிராம் குறைவு.

"தேய்மானம்" என்றார் கடைக்காரர்.

பெரியவர் தலையாட்டிவிட்டு, காசுகளை எண்ணி மஞ்சள் துணியில் முடிந்துகொண்டார்.